படத்தை யாரிடம் காட்டுவது?

கேமரா வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்பண்ணே வரும்?" எக்ஸ்போஷர் கைக்குப் பிடிபட்டுவிட்டது. இருட்டிலும் ஃபோகஸ் தப்புவதில்லை. யாரோ விற்ற பிரிசெட்டை, அதாவது முன்பே அமைத்துவைத்த நிறத் திருத்தத்தை, லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டுப் பார்த்து அலுத்தும் போயிற்று. கோலாலம்பூரில் பத்துமலைப் படிக்கட்டு, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை, குவாய் சாய் ஹோங் சுவர், சலோமா பாலத்திலிருந்து இரட்டைக் கோபுரம் என்று எல்லாம் எடுத்தாகிவிட்டது. படங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பக்கத்து ஆள் எடுத்த படங்களோடு கலந்து வைத்தால் எது தன்னுடையது என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

இந்தக் கட்டத்தில் புது லென்ஸ் உதவாது. படங்களை யாரிடமாவது காட்டி உண்மையைக் கேட்டாக வேண்டும். யாரிடம் என்பதில்தான் குழப்பம். கோலாலம்பூரில் இருப்பவருக்கு வழிகள் நிறையவே உண்டு: புகைப்படச் சங்கத்தின் போட்டி, கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், போர்ட்ஃபோலியோ ரிவ்யூ, பயிற்சிப் பட்டறை, நான்கைந்து நண்பர்கள் கூடும் மேசை, எதுவும் இல்லையென்றால் தன் கண். எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன். என் பழக்கம் எது, என் பாணி எது என்று பிரித்துச் சொல்ல இவரால் முடியுமா?

ஒருவர் எப்போதும் பத்தடி தள்ளி நின்றே எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் மனிதர்கள் சிறிதாகத் தெரிவது அவருக்குப் பிடித்திருக்கலாம். கிட்டே போக அவருக்குக் கூச்சமாகவும் இருக்கலாம். முன்னது பாணி, பின்னது பழக்கம். படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அவரையே கேட்டால் "எனக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்பார். பொய் சொல்கிறோம் என்று அவருக்கே தோன்றாது. இன்னொருவர் எல்லாப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குகிறார். ஒளியின் மேல் உள்ள ஆசையா, இல்லை மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளின் வண்ணக் கூத்தை ஃபிரேமுக்குள் அடக்கத் தெரியவில்லையா? வெளியே இருந்து ஒரு கண் பார்த்துச் சொல்லாமல் இது தெளியாது. நேர்மையான விமர்சனத்தின் முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல படம், சுமார் படம் என்று மார்க் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

வீட்டாரையும் வாட்ஸ்அப் குழுவையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் சொல்வது அன்பு, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "செம ஷார்ப்பா இருக்குடா" என்பது பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரி பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருவதற்குச் சமம்.

சங்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம், பெரும்பாலோர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நம் ஊர்ப் புகைப்படச் சங்கங்களுக்கு உயிர்நாடி சலூன் எனப்படும் போட்டிக் கண்காட்சிகள். 1950இல் ஐரோப்பாவில் அமைந்த ஃபியாப் என்ற உலகக் கூட்டமைப்பும், 1934இல் தொடங்கிய அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏவும் இந்தப் போட்டிகளுக்கு அங்கீகாரம் தருகின்றன. தேர்வான படங்களின் எண்ணிக்கை ஏற ஏற, ஏஃபியாப், ஈஃபியாப் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளப் பட்டமும் உண்டு. கல்யாண ஆர்டர் பிடிப்பவர்களின் விசிட்டிங் கார்டில் அது நன்றாகவே வேலை செய்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

தீர்ப்பு எப்படி நடக்கிறது என்று ஒருமுறையாவது பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். திரையில் படம் வரும். பெரும்பாலும் மூன்று நடுவர்கள். சில வினாடிகள். ஆளுக்கொரு மதிப்பெண். அடுத்த படம். நூற்றுக்கணக்கான படங்கள் இப்படி ஓடும். இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மூலையில் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பை, தலையிலிருந்து முளைத்த விளக்குக் கம்பம், லேசாகச் சாய்ந்த அடிவானம், கணுக்காலில் வெட்டுப்பட்ட ஆள் என்று நாம் கவனிக்காமல் விட்ட எல்லாமே அந்தச் சில வினாடியில் பல்லிளிக்கும். ஒரு வருஷம் சங்கத்தில் இருந்தவர் ஃபிரேமின் நான்கு மூலையையும் பார்க்காமல் ஷட்டரை அழுத்த மாட்டார். இந்த ஒழுங்கை வேறு எங்கும் இவ்வளவு மலிவாகப் பெற முடியாது.

ஆனால் பாணி விஷயத்தில் இந்த ஏற்பாடு கைவிரித்துவிடும். சில வினாடியில் நடுவரைப் பிடித்து நிறுத்தும் படம்தான் மேலே வரும். அதனால்தான் ஒரே மாதிரிப் படங்கள் வருஷா வருஷம் திரும்புகின்றன: சபாவின் செம்போர்னா கடலில் படகுக்குள் சிரிக்கும் பஜாவ் இனக் குழந்தைகள், புகைக்குள் கற்றையாக இறங்கும் வெயிலில் அடுப்படிக் கிழவர், தலைவிளக்கோடு பால்மரம் சீவும் தொழிலாளி, பட்டுப் போல் இழுபட்ட கடல் நீரில் ஒற்றைப் படகுத்துறை. எதுவும் மோசமான படம் இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்க மெல்ல விரியும் படத்துக்கு அந்த அறையில் நேரம் கிடையாது.

இன்னொன்று. படம் எடுத்தவரின் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது. அது நியாயத்துக்காகச் செய்த ஏற்பாடு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் போன மாதம் நீங்கள் அனுப்பிய படத்திலும் இதே போல ஒரு காலி நாற்காலி ஓரத்தில் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த நாற்காலிதான் நீங்கள். இந்த முறையில் அது "கவனத்தைச் சிதறடிக்கும் பொருள்" என்று வெட்டப்படும், மதிப்பெண்ணுக்காக நீங்களும் அதை வெட்டப் பழகிவிடுவீர்கள்.

பட்டத்தில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. 1853இல் தொடங்கிய பிரிட்டனின் ராயல் புகைப்படச் சங்கம் தரும் தகுதிகள் தொகுப்பை வைத்துத் தீர்ப்பு சொல்பவை. முதல் படியான லைசென்ஷியேட்டுக்கு 10 படங்கள், அடுத்த படியான அசோசியேட்டுக்கு 15 படங்களும் என்ன செய்ய நினைத்தேன் என்ற சிறு குறிப்பும். படங்களை எந்த வரிசையில், எது பக்கத்தில் எது என்று அடுக்குகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். கோலாலம்பூரில் இருந்தே விண்ணப்பிக்கலாம். பவுண்டில் கட்டணம் கட்ட வேண்டும், கொஞ்சம் கடிக்கும். ஆனாலும் "இந்தப் பதினைந்தும் ஒரே ஆள் எடுத்ததா?" என்ற கேள்வியை ஒரு சங்கம் கேட்கிறது என்பதே பெரிய விஷயம்.

அடுத்து, குரு. நம்மில் பலருக்கு இது கல்யாண ஸ்டூடியோ வழியாகத்தான் வரும். சனி ஞாயிறு அசிஸ்டெண்டாகப் போனால் கிடைக்கும் விமர்சனம் போல நேர்மையானது வேறில்லை. கெட்டிமேளம் கொட்டும், அட்சதை பறக்கும், முன்வரிசையில் ஒரு மாமா எழுந்து கைபேசியை நீட்டுவார். அந்த நொடியில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதற்குச் சாக்குப்போக்கு கிடையாது. "தாலி கட்டுனது எங்கடா?" என்று அண்ணன் கேட்டால் படம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டத்தில் இடம் பிடிப்பது, நடக்கப்போவதை இரண்டு நொடி முன்னே மோப்பம் பிடிப்பது, இதெல்லாம் வகுப்பில் வராது. ஆனால் ஆல்பத்தின் பாணி கடையினுடையது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது கிடைக்க வேண்டும். அங்கே உங்கள் பாணியைத் தேடுவது அண்ணனுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

தொழிலுக்கு வெளியே ஒரு மூத்தவர் கிடைத்தால் கதை வேறு. அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் கணவரோடு சேர்ந்து பல வருஷம் ஃபேஷன் படம் எடுத்தவர். 1956இல் அதை விட்டு விலகி, நியூயார்க்கில் லிசெட் மாடல் என்ற மூத்த புகைப்படக்காரரிடம் படிக்கப் போனார். அந்த வருஷம் தன் நெகட்டிவ்களுக்கு ஒன்றிலிருந்து புதிதாக எண் போடத் தொடங்கினார். அதற்கு முன் எடுத்ததைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவரை யாரென்று உலகம் அறிந்த அந்தச் சதுரப் படங்கள் அதற்கும் சில வருஷம் கழித்து, 60களில் 35 மில்லிமீட்டர் கேமராவை விட்டு அதைவிடப் பெரிய ஃபிலிம் போடும் நடுத்தர ஃபார்மட்டுக்கு மாறிய பிறகு வந்தவை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: ஆர்பஸின் படங்கள் லிசெட் மாடலின் படங்கள் போல இருக்காது. குருவைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் சோதனையும் இதுதான். அவருடைய முந்தைய மாணவர்களின் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாரும் அவரைப் போலவே எடுத்தால், நீங்களும் அப்படித்தான் எடுக்கப்போகிறீர்கள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

போர்ட்ஃபோலியோ ரிவ்யூ என்பது புகைப்பட விழாக்களில் நடக்கும் ஏற்பாடு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1986இல் தொடங்கிய ஃபோட்டோஃபெஸ்ட் இதைப் பெரிதாக வளர்த்தது. இன்று பல நாட்டு விழாக்களில் இருக்கிறது. ஒரு மேசை, எதிரே கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் ஒரு கியூரேட்டரோ பத்திரிகைப் படத் தொகுப்பாளரோ, உங்களுக்குச் சுமார் 20 நிமிஷம். மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். நம் பக்கத்தில் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் 2013இல் தொடங்கிய ஆப்ஸ்குரா விழா, ஆசியப் புகைப்படக்காரர்களின் வேலையை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. அதை நிறுவிய விக்னேஸ் பாலசிங்கம் நம்மவர். கம்போடியாவின் சியெம் ரீப்பில் 2005 முதல் நடக்கும் அங்கோர் புகைப்பட விழாவின் பட்டறை ஆசியர்களுக்குக் கட்டணமில்லாதது. விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும், பயணச் செலவு நம்முடையது. சில நாளில் ஒரு கதையை எடுத்து முடிக்க வேண்டும், தினமும் எடுத்ததை ஆசிரியர் முன் வைக்க வேண்டும். கையில் ஏற்கெனவே ஒரு விஷயம் இருப்பவர்களுக்கு, இடிக்கப்படப்போகும் தோட்டத் தொழிலாளர் லயத்தையோ செந்தூலின் பழைய ரயில்வே குடும்பங்களையோ தொடர்ந்து எடுத்து வருபவர்களுக்கு, இதைவிட நல்ல வழி தெரியாது. விஷயமே இல்லாமல் பாணியைத் தேடிப் போனால் அங்கே திணறத்தான் வேண்டும்.

ரிவ்யூ செய்பவருக்கு உங்களைத் தெரியாது. நாளைக்குக் கோயிலில் பார்க்க வேண்டிய ஆளும் இல்லை. அதனால் பொய் சொல்லக் காரணமே இல்லை, அது பெரிய பலம். அவருடைய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் பொறுக்கிக் கொண்டுவந்த பதினைந்து இருபது படங்களை மட்டுமே அவர் பார்க்கிறார், ஒதுக்கியதைப் பார்ப்பதில்லை. உங்கள் பழக்கம் பெரும்பாலும் ஒதுக்கியதில்தான் இருக்கும். அதோடு, தன் சுவருக்கோ பத்திரிகைக்கோ எது ஆகும் என்ற கண்ணோடுதான் அவர் உட்கார்ந்திருக்கிறார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் இருபது நிமிஷமும் மரியாதையில் கரைந்துவிடும். நான் சொல்லிக்கொடுக்கும் கேள்வி இது: "இதில் வேறு யாரோ எடுத்தது போல இருக்கும் படங்கள் எவை?" எந்த ரிவ்யூயரும் இதற்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார். அவர் தள்ளிவைக்கும் படங்கள் பல சமயம் நமக்கு மிகவும் பிடித்தவையாக இருக்கும். கொஞ்சம் வலிக்கும்.

இனி நண்பர்கள் கூடும் மேசைக்கு வருகிறேன். என் ஓட்டு இதற்குத்தான், அதை மறைத்துப் பயனில்லை.

நான்கு அல்லது ஐந்து பேர். அதற்கு மேல் போனால் கூட்டமாகிவிடும், பேச்சு மேடைப் பேச்சாகிவிடும். மாமாக் உணவுக்கடை வேண்டாம். அங்கே தே தாரேக் தேநீர் நன்றாக இருக்கும், ஆனால் அந்த வெள்ளை டியூப் லைட்டில் எல்லாப் படமும் நோயாளி போலத் தெரியும், மேசையும் ஈரம். யார் வீட்டு ஹாலிலாவது பகல் வெளிச்சத்தில் கூடுவது நல்லது. கைபேசியில் காட்டுவது கூடாது. ஃபோர்-ஆர் அளவில், அதாவது நான்குக்கு ஆறு அங்குலத்தில், பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும், படத்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) வாக்கில்தான் ஆகும். திரையில் விரலால் தள்ளும்போது படம் ஒவ்வொன்றாகத்தான் வரும். மேசையில் பரப்பினால்தான் முப்பது படமும் ஒன்றையொன்று பார்க்கும். முப்பதில் பாதியாவது நீங்கள் ஒதுக்கிய படங்களாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இந்த ஒரு விதிக்காகவே மேசையை ரிவ்யூவுக்கு மேலே வைக்கிறேன்.

எடுத்தவர் முதலில் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் படங்களைத் தங்களுக்குத் தோன்றியபடி குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். ஏன் அப்படிப் பிரித்தோம் என்று அப்புறம் பேசுவார்கள்.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மேசையில் ஒரு தம்பி, ஆள் அமைதி, தைப்பூசத்தை வருஷம் தவறாமல் எடுப்பவர். இன்னொருவர் ஓர் அக்கா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தம்பி பரப்பிய படங்களை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முக்கால்வாசியை ஒரே குவியலாகச் சேர்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, உன் படத்துல யாருக்குமே முகம் இல்ல?"

"காவடி எடுக்கிறவங்க மூஞ்சிக்கு நேரா போய் கேமராவ நீட்டக் கூடாதுன்னுதான்க்கா. மரியாதை இல்ல அது."

அக்கா அந்தக் குவியலிலிருந்து இரண்டு படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, பத்துமலை ஆற்றங்கரையில் குளித்துவிட்டுப் பால்குடம் தலையில் ஏறியிருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. பின்கழுத்தில் மஞ்சள் தண்ணீர் இன்னும் காயவில்லை. இடுப்புச் சேலை மடிப்பில் ஒரு குழந்தையின் விரல்கள் மட்டும் செருகிக்கிடந்தன; குழந்தை ஃபிரேமில் இல்லை. இன்னொன்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸில் எடுத்தது. தூரத்தில் ஒரு மயில் காவடி, காவடி எடுத்தவரின் முதுகு, நடுவில் ஏழெட்டுப் பேருடைய தோள்கள்.

"இதுல நீ மரியாதைக்காகப் பின்னால நிக்கிற. அந்தம்மாகிட்டருந்து ரெண்டு அடிதான் தள்ளி நின்னுருப்ப. அதுல பயந்துகிட்டு பின்னால நிக்கிற. ரெண்டும் முதுகுதான், ஆனா ஒண்ணு இல்ல தம்பி."

தம்பி எதுவும் பேசவில்லை. விதியும் அதுதான், ஆனால் விதிக்காகப் பேசாமல் இருந்த மாதிரித் தெரியவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு அந்த 70-200 டெலி லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு, கிட்டே போய்த்தான் எடுக்க வேண்டிய 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். தெரிந்த குடும்பம் ஒன்றிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, துன் எச்.எஸ்.லீ சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்துக்குப் பின்னால் அவர்களோடு இரவெல்லாம் பத்துமலைக்கு நடந்தார். திரும்பிவந்த படங்களில் அப்போதும் முகங்கள் அதிகம் இல்லை. முதுகுகள், பின்கழுத்துகள், பிடித்த கைகள். ஆனால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இப்போது அவருடைய படத்தை எங்கே பார்த்தாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

சங்கத்தில் காட்டியிருந்தால் மயில் காவடிப் படத்துக்குத்தான் மதிப்பெண் வந்திருக்கும், நிறம் அள்ளுகிறதே. கல்யாண அண்ணன் "முகம் எடுடா" என்று இரண்டையும் தூக்கிப் போட்டிருப்பார். ரிவ்யூவுக்குப் போயிருந்தால் தம்பி மயில் காவடியைப் பையிலிருந்து வெளியே எடுத்தே இருக்க மாட்டார். அது ஒதுக்கியதில் இருந்த படம். இரண்டையும் ஒரே மேசையில் பார்க்க, அந்தத் தம்பியைத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

மேசைக்கும் நோய் வரும். முதல் நோய், நம் ஆட்களுக்கே உரியது: வயதில் மூத்தவர் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சின்னவர்கள் அதை மறுத்துப் பேச மாட்டார்கள். "அண்ணன் சொன்னது சரிதான்" என்று ஒரு சுற்று தலையாட்டி முடியும். அதனால் வயதில் சிறியவரை முதலில் பேசவிட வேண்டும். இது கேட்க அற்பமாகத் தெரியும், செய்துபார்த்தால் மேசையே மாறிவிடும். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த நான்கு படி விமர்சன முறையைச் சிலர் பின்பற்றுகிறார்கள்: பார்த்தவர்களுக்கு எது பதிந்தது என்று முதலில் சொல்வது, பிறகு படைத்தவர் கேட்பது, அதன்பின் பார்த்தவர்கள் நடுநிலையான கேள்விகள் கேட்பது, கடைசியில் அனுமதி வாங்கிக்கொண்டு கருத்து சொல்வது. மூன்றாவது படி எங்களுக்கு நன்றாக உதவியது. "ஏன் இவ்வளவு இருட்டு?" என்பதில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது, "வெளிச்சத்தை எப்படி முடிவு பண்ணினே?" என்பதில் இல்லை. கடைசிப் படியில் ஒவ்வொருவரும் அனுமதி கேட்டு உட்கார்ந்திருப்பது மட்டும் எங்களுக்கு நாடகம் மாதிரி இருந்தது, விட்டுவிட்டோம்.

இரண்டாவது நோய் மெல்ல வரும். நாளாக ஆக ஐந்து பேரும் ஒரே மாதிரி எடுக்க ஆரம்பிப்பார்கள், ஒருவரை ஒருவர் நோகடிக்காமலும் பேசப் பழகிவிடுவார்கள். இதற்கு மருந்து, அவ்வப்போது ஒரு வெளியாளை உட்காரவைப்பது. அவர் புகைப்படக்காரராக இருக்கக் கூடாது என்பேன். ஓவியர், தையற்காரர், நர்ஸ், யாராக இருந்தாலும் சரி. லென்ஸைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் படத்தைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

தன் கண்ணை நம்பி மட்டும் போகிறவர்களும் உண்டு. அதுவும் சின்ன வேலை இல்லை. புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56இல் அமெரிக்காவைச் சுற்றி எடுத்தவை 27,000 படங்களுக்கு மேல். அவற்றிலிருந்து ஏறத்தாழ 1,000 பிரிண்ட் போட்டுப் பரப்பிப் பார்த்து, கடைசியில் தன் நூலில் வைத்தது 83. இன்னொரு புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், எடுத்த சூட்டோடு ஃபிலிமைக் கழுவ மாட்டார், ஒரு வருஷம்கூடப் போட்டுவைப்பார். எடுத்த அன்றைக்கு மனசு இருந்த நிலை படத்தை நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும் என்ற எச்சரிக்கை. 1984இல் அவர் இறந்தபோது கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் சுமார் 2,500 கிடந்தன, அது வேறு கதை. நமக்கு வேண்டியது அந்த இடைவெளி. மெமரி கார்டை இறக்கியதும் எடிட் செய்யாமல் ஒரு மாதம் கிடக்கவிடுங்கள். லைட்ரூமில் நீங்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்த படங்களை மட்டும் எடுத்து, படத்தோடு பதிவாகும் விவரங்களைக் காட்டும் மெட்டாடேட்டா ஃபில்டரில் லென்ஸ், ஃபோகல் லென்த் (லென்ஸ் எவ்வளவு கிட்டே இழுக்கிறது என்ற அளவு), தேதி என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான படங்கள் ஒரே ஃபோகல் லென்த்தில் வந்து குவிந்திருக்கும். பையில் கனக்கும் மற்ற லென்ஸ்களை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றும். ஆனால் ஏன் அங்கே குவிந்தது என்று அந்த ஃபில்டர் சொல்லாது. அது மரியாதையா பயமா என்று கேட்க மறுபடி அக்காவிடம்தான் போக வேண்டும்.

ஆக, யார் எங்கே போகலாம்? கேமரா வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவர் சங்கத்தில் சேருங்கள், தயங்கவே வேண்டாம். மூலைகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டு, மதிப்பெண்ணுக்காகப் படம் எடுக்கத் தொடங்குவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். பட்டம்தான் குறி என்றால் அங்கேயே இருங்கள், அதிலும் தப்பில்லை, ஆனால் பாணியை அங்கே தேட வேண்டாம். படம் எடுத்துப் பிழைப்பவர் ஸ்டூடியோவில் தொழிலையும் மேசையில் தன்னையும் வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மேசைக்குக் கல்யாணப் படம் கொண்டுவராதீர்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டு மூன்று வருஷக்காரருக்கு: மேசை, மாதம் ஒருமுறை. வருஷத்துக்கு ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவரிடம் ரிவ்யூ, மேசை சொன்னது சரியா என்று பார்க்க. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேசையைத்தான் நான் சந்தேகப்படுவேன், ஏனென்றால் அங்கேதான் நட்பு குறுக்கே வரும்.

எங்கே கேட்டாலும் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். "இங்கே கொஞ்சம் கிராப் பண்ணு" என்பது அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு. "எல்லாப் படத்திலும் வலது பக்கம் காலியா விடுற" என்பது உங்களைப் பற்றிய பேச்சு. முதலாவதை அன்றைக்கே செய்துபார்க்கலாம். இரண்டாவதை நோட்டில் எழுதிவைத்து, அடுத்த சில வாரம் படம் எடுக்கும்போது கவனியுங்கள், மாற்ற வேண்டாம். தனித்தனியாக மூன்று பேர் அதையே சொன்னால் அது உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். அதை வளர்ப்பதா வெட்டுவதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பினாங்கு நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் தெருவே பாதிப் படத்தை எடுத்துக்கொடுத்துவிடுகிறது, அதுதான் சிக்கல். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2012இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளை வரைந்தார். அன்றிலிருந்து ஊருக்கு வருகிறவர், ஊரில் இருக்கிறவர் எல்லாரும் அந்தச் சுவர் முன்னால்தான். இதே ஊரில்தான் இஸ்மாயில் ஹாஷிம் (1940–2013) அன்றாடக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அந்தப் பிரிண்டுகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினார். தனியாக ஒரு படத்தைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியலாம். பத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். பினாங்கில் மேசை போடுகிறவர்கள், சுவரோவியம், படகுத்துறை, ரிக்‌ஷா மூன்றும் இல்லாத முப்பது படத்தோடு வாங்க என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தண்ணீர்மலைக் கோயில் படம் கொண்டுவரலாமா என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். தைப்பூசம் இல்லாத நாளில் எடுத்ததாக இருந்தால் கொண்டுவரட்டும்.